பெயரைப் பார்க்குமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

ஏலக்கூடத்திலோ பழம்பொருள் கடையிலோ ஒரு வெண்கல வேட்டைநாயைக் கையில் எடுப்பவர் எவரும் முதலில் தேடுவது பீடத்தின் ஓரத்தில் பொறித்திருக்கும் பெயரைத்தான். மேன், பாரி போன்ற புகழ்பெற்ற விலங்குச் சிற்பிகளின் பெயர் தெரிந்துவிட்டால் வாங்குவதா வேண்டாமா என்ற முடிவில் பாதி அங்கேயே எடுத்தாகிவிடும். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விலங்கு வெண்கலங்களில் மிகக் குறைவான செய்தியைத் தருவது கையொப்பம்தான். சிற்பி அதை மெழுகிலோ களிமண்ணிலோ செய்த மூல மாதிரியில் ஒருமுறை கீறினார். அதன்பின் ஒவ்வொரு வார்ப்பிலும் அது தானாக வந்து விழுந்தது. அவர் உயிரோடிருந்து தன் பட்டறையில் ஊற்றியதிலும் அதே பெயர் இருக்கும். அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து, மாதிரிகளை விலைக்கு வாங்கிய வேறொருவர் ஊற்றியதிலும் இருக்கும். சென்ற ஆண்டு யாரோ பழைய உருப்படி ஒன்றிலிருந்து அச்செடுத்து ஊற்றிய நகலிலும் இருக்கும். இந்த மூன்றும் ஒரே பொருள் அல்ல. இவற்றைப் பிரித்தறிய உதவும் தடயங்கள் பெயரில் இல்லை. உலோகத்தின் பரப்பிலும் பீடத்தின் அடியிலும் இருக்கின்றன.

இப்படி ஒரு நிலை ஏன் வந்தது என்பதற்கு இந்தக் கலை வளர்ந்த விதமே காரணம். 1830களுக்கு முன் பிரெஞ்சுச் சிற்பத்தில் விலங்கு பெரும்பாலும் மனிதனுக்குத் துணையாகவே வந்தது: அரசன் ஏறிய குதிரை, வேட்டைத் தெய்வத்தின் பக்கத்தில் ஒரு நாய். அந்துவான்-லூயி பாரி (1795–1875) அதை மாற்றினார். அவர் பொற்கொல்லர் ஒருவரின் மகன். உலோகத்தில் வெட்டவும் பொறிக்கவும் சிறு வயதிலேயே பழகியவர். பாரிஸின் ழார்தான் தே பிளாந்த் பூங்காவிலிருந்த விலங்குக் கூடங்களுக்கு ஓவியர் தெலக்ருவாவோடு போய் வரைந்தார். செத்த விலங்கை அறுத்துக் கூறுபோடும் இடத்திலும் நின்று எலும்பையும் தசையையும் அளந்து குறித்துக்கொண்டார். 1831இன் சலோன் கண்காட்சியில் அவர் வைத்த, கரியல் முதலையைக் குதறும் புலி பேசப்பட்டது. 1833இல் பாம்பை மிதித்து நசுக்கும் சிங்கம் அதைவிடப் பேசப்பட்டது. ஓர்லியான் கோமகன் தன் விருந்து மேசையின் நடுவே வைக்க வேட்டைக் காட்சிகள் கொண்ட பெரிய தொகுதி ஒன்றைச் செய்யச் சொன்னார். 1837இல் சலோன் நடுவர் குழு அந்தப் படைப்புகளை ஏற்க மறுத்தது. புலி வேட்டை உள்ளிட்ட அந்தக் காட்சிகளை இன்று அமெரிக்காவின் பால்ட்டிமோரில் உள்ள வால்ட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த மறுப்புக்குப் பிறகு பாரி நெடுங்காலம் சலோன் பக்கம் போகவில்லை. சொந்தமாகப் பட்டறை வைத்து, நடுத்தர வீடுகளின் அலமாரிக்கும் கணப்பு மேடைக்கும் ஏற்ற சிறு வெண்கலங்களை ஊற்றி, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றார். விலங்குச் சிற்பம் அரண்மனையை விட்டுக் கடைக்கு வந்தது. ஒரே மாதிரியிலிருந்து பல பிரதிகள் எடுப்பது அப்போதே தொழிலின் அடிப்படையாகிவிட்டது.

பல பிரதிகள் என்றால் எப்படி என்பதைப் புரிந்துகொள்ளாமல் எந்த உருப்படியையும் மதிப்பிட முடியாது. பாரியின் பாம்பை நசுக்கும் சிங்கத்தை 1835இல் ஓனோரே கோனோன் மெழுகு வார்ப்பில் ஊற்றினார். அந்த முறையில் மெழுகு உருகி வெளியேறிவிடும், அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். செலவு அதிகம், ஊற்றும்போது தவறினால் எல்லாம் போகும். கடைக்குச் சரக்கு அனுப்ப அது தோதில்லை. அதற்கு ஏற்றது மணல் வார்ப்பு. முதலில் சிற்பியின் மாதிரியிலிருந்து வெண்கலத்திலேயே ஒரு தாய் மாதிரி செய்வார்கள். அதை மிகுந்த கவனத்தோடு வெட்டிக் கூர்மையாக்கி, தலை, கால், வால் என்று கழற்றிப் பூட்டும்படி அமைப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் சட்டத்துக்குள் இறுக்கிய நுண்மணலில் அழுத்தி அச்செடுத்து, உள்ளே கூடாக இருப்பதற்காக மணல் கரு வைத்து, உலோகம் ஊற்றுவார்கள். வெளியே வருவது கரடுமுரடான துண்டு. துண்டுகளைப் பொருத்தி ஆணியிட்டு இறுக்க வேண்டும். மூட்டுக் கோட்டை அரத்தால் ராவி மறைக்க வேண்டும். மயிர், சிறகு, தோல்மடிப்பு எல்லாவற்றையும் உளியாலும் சிறு முனைகளாலும் மறுபடி வெட்டித் தெளிவாக்க வேண்டும். கடைசியாகச் சூடும் அமிலக் கரைசலும் கொடுத்து நிறமேற்ற வேண்டும். நாம் கண்ணால் பார்க்கிற மேற்பரப்பு முழுவதும் இந்தக் கடைசி வேலைகளில் உருவானது. அதைச் செய்தவர் பெரும்பாலும் சிற்பி அல்ல. பெயர் தெரியாத செதுக்குக் கலைஞர்.

இதற்கு மேல் ஓர் இயந்திரமும் வந்தது. அஷீல் கோலா கண்டுபிடித்த அளவுகுறைப்புக் கருவியில் ஒரு முனை மூலச் சிலையின் மேல் ஊர்ந்து போகும். மறுமுனை அதே வடிவத்தைச் சிறிய அளவில் வெட்டிக்கொண்டே வரும். வார்ப்பாளர் ஃபெர்தினான் பார்பதியென் 1838 வாக்கில் கோலாவோடு கூட்டுச் சேர்ந்தார். ஒரே சிற்பத்தை மூன்று நான்கு அளவுகளில் விற்பது அதன்பின் இயல்பாகிவிட்டது. ஆகவே ஓர் உருப்படி சிறிதாக இருப்பதாலேயே அது போலி ஆகிவிடாது. அளவைப் பற்றிக் கீழே சொல்லப்போவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கையொப்பம் எவ்வளவு தூரம் கைவிடும் என்பதற்குப் பாரியின் வாழ்க்கையையே சான்றாக வைக்கலாம். கையில் பணம் இல்லாத அவர் 1845இல் எமில் மார்த்தான் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்து நிறுவனம் தொடங்கினார். 1848இன் புரட்சியோடு வந்த நெருக்கடியில் கடன் கழுத்தை நெரித்தது. மாதிரிகள் மார்த்தான் கைக்குப் போயின. 1857 வரை அவை அவர் பொறுப்பிலேயே இருந்தன. அந்த ஆண்டுகளில் ஊற்றியவற்றிலும் பாரி என்றே பெயர் இருக்கிறது. ஆனால் வேலையை மேற்பார்க்கும் உரிமை பாரியிடம் இல்லை. மாதிரிகள் திரும்பி வந்த பிறகு இறக்கும் வரை அவரே பார்த்துப் பார்த்து ஊற்றினார். 1875இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு பட்டறையிலிருந்தவை பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. பெருவாரியான மாதிரிகளைப் பார்பதியென் நிறுவனம் வாங்கி, தன் பெயரையும் சேர்த்துப் பொறித்து 20ஆம் நூற்றாண்டுக்குள்ளும் ஊற்றி விற்றது. போதாததற்கு மகன் ஆல்ஃபிரெட் பாரியும் விலங்குச் சிற்பியே. பந்தயக் குதிரைகளில் தேர்ந்த அவர் சில காலம் வெறும் பாரி என்றே ஒப்பமிட, தந்தை தலையிட்டு, மகன் என்பது தெரியும்படி பெயரைப் போடச் செய்தார். ஆக, பீடத்தில் உள்ள ஒரே சொல் குறைந்தது ஐந்து வெவ்வேறு சூழல்களைக் குறிக்கலாம். அந்த ஐந்துக்கும் சந்தையில் ஒரே விலை கிடையாது, தரமும் ஒன்றல்ல.

இதற்கு மறுபக்கத்தில் நிற்பவர் பியர்-ஜூல் மேன் (1810–1879). அவர் உலோகக் கடைசல்காரரின் மகன். 1830களின் கடைசியில் சொந்தப் பட்டறை தொடங்கியவர், வாழ்நாள் முழுக்க அதைக் கைவிடவில்லை. மாதிரியை மெழுகில் தானே செய்தார், ஊற்றுவதையும் செதுக்குவதையும் தன் கூரைக்குக் கீழேயே நடத்தினார். கழுத்தோடு கழுத்து பின்னி நிற்கும் இரண்டு அரபுக் குதிரைகள் கொண்ட ‘லாகொலாத்’ 1850களின் தொடக்கத்தில் வந்தது. அவர் பெயரை உலகம் அறியச் செய்ததும் அதுவே. அதன் நல்ல வார்ப்பு ஒன்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்டையின் கன்னத்தில் தோலுக்கடியில் ஓடும் நரம்பு ஒன்று வளைந்து தாடையில் மறையும் இடம் வரை தெரியும். மூக்குத்துளையின் உள்விளிம்பு மெல்லியதாக, கூராக இருக்கும். பிடரிமயிர் கற்றை கற்றையாகப் பிரிந்து, ஒவ்வொரு கற்றையின் அடியிலும் உளி புகுந்து வெட்டிய நிழல் நிற்கும். அதே தொகுதியின் மட்டமான வார்ப்பில் மூக்குத்துளை ஒரு குழி மட்டுமே. பிடரி அலை அலையான மேடு மட்டுமே. இரண்டிலும் மேனின் கையொப்பம் எழுத்துப் பிசகாமல் இருக்கும். மேன் இறந்தபின் மருமகனும் சிற்பியுமான ஒகுஸ்த் கேன் 1894இல் தான் இறக்கும் வரை பட்டறையை நடத்தினார், தரம் குறையவிடவில்லை. அதன்பின் மாதிரிகள் சூஸ் சகோதரர்கள் நிறுவனத்துக்குப் போயின. அவர்கள் ஊற்றியவற்றில் வழக்கமாக அந்த நிறுவனத்தின் முத்திரை இருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உருவத்தைக் கற்பனை செய்தவர் சிற்பி. புலியின் பாய்ச்சலும் குதிரைகளின் பிணைப்பும் அவர் மனத்தில் பிறந்தவை. மட்டமான வார்ப்பிலும் அந்த அமைப்பு அப்படியேதானே இருக்கிறது, பிறகு உளிக்காரருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். அமைப்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் விலங்குச் சிற்பம் அமைப்பால் மட்டும் நிற்பதில்லை. மனித உருவத்தில் முகபாவமும் கையசைவும் பொருளைச் சொல்லிவிடும். விலங்கில் பதற்றம், பசி, அச்சம் எல்லாம் தோலுக்கடியில் இறுகும் தசையாகவும் சிலிர்க்கும் மயிராகவும் வெளிப்படுகின்றன. அவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேடு பள்ளங்களில் இருப்பவை. பாரி அளவெடுத்துக் கண்டதெல்லாம் அந்த மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது. அது மழுங்கினால் எஞ்சுவது புலியின் பொது வடிவம். பாரி கண்ட புலி போய்விடுகிறது. தங்களுக்குக் கிடைத்த பணத்தையும் நேரத்தையும் பாரியும் மேனும் ஏன் பட்டறையில் கொட்டினார்கள் என்பதற்கும் இதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. வார்ப்பு வெறும் எடுபிடி வேலை என்று அவர்கள் நினைத்திருந்தால், வேறு வார்ப்பாளரிடம் மாதிரியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும்: அப்படியானால் சிற்பியின் வாழ்நாளில் ஊற்றியது மட்டுமே அசல், மற்றதெல்லாம் கழிவு என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சேகரிப்போர் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். இது கையொப்பத்தை நம்புவது போன்றதே. பெயருக்குப் பதில் தேதியை நம்புகிறார்கள். மார்த்தான் காலத்து அவசர வார்ப்பு பாரியின் வாழ்நாளுக்குள் அடங்கும். பார்பதியெனின் நிதானமான வார்ப்பு அதற்கு வெளியே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்னது மேலாக இருப்பதும் உண்டு. சிற்பி இறந்த பிறகும், அவருடைய மாதிரியிலிருந்தே, உரிமையோடு, தேர்ந்த ஆட்கள் ஊற்றியது முறையான வார்ப்பு. வாழ்நாள் வார்ப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பார்பதியென் முத்திரை இருக்கும் நல்ல ‘நடக்கும் சிங்கம்’ ஒன்றைத் தேதியை மட்டும் பார்த்துத் தள்ளிவிடுவது பெரும் நட்டம்.

தள்ள வேண்டியது மறுவார்ப்பை. முடிந்த வெண்கலம் ஒன்றையே மாதிரியாக வைத்து அச்செடுத்து ஊற்றுவதுதான் மறுவார்ப்பு. உரிமையாளரின் தாய் மாதிரி அதில் இல்லை. இதைக் காட்டிக்கொடுப்பது வெண்கலத்தின் இயல்பே. உருகிய உலோகம் ஆறி இறுகும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிலிருந்து எடுத்த மறுவார்ப்பு நான்கைந்து மில்லிமீட்டர் குறைந்திருக்கும். அதனால் வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். காது நுனியிலிருந்து பாதம் வரை, மூக்கிலிருந்து வால் வளைவு வரை என்று வளைந்துபோக வாய்ப்பில்லாத இரண்டு மூன்று இடங்களில் அளந்து, அதே அளவில் வெளியான ஐயமற்ற வார்ப்போடு ஒப்பிடுங்கள். லூவ்ர், ஓர்சே, வால்ட்டர்ஸ் போன்ற அருங்காட்சியகங்கள் தங்கள் உருப்படிகளின் அளவை வெளியிடுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பீடத்தையும் சேர்த்த அளவு, முழு எண்ணாக்கியதும் கூட. எனவே ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். கோலா கருவியில் குறைத்த பதிப்பு என்றால் வித்தியாசம் ஒரு சில மில்லிமீட்டரில் நிற்காது, நான்கில் ஒரு பங்கு, பாதி என்று எடுப்பாகத் தெரியும். சுருக்கத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

அளவு ஐயத்தைக் கிளப்பினால் மேற்பரப்பு அதைத் தீர்த்துவைக்கும். விரலிடுக்கு, காதின் உட்பக்கம், வாயின் மூலை, பின்னங்கால் வயிற்றோடு சேரும் மடிப்பு: உளி போக மிகவும் சிரமப்பட்ட இடங்கள் இவை. நல்ல பட்டறை அங்கேயும் போயிருக்கும். மறுவார்ப்பில் அந்த இடங்கள் சோப்பு கரைந்தாற்போல் வழவழத்திருக்கும், அல்லது சிறு சிறு உலோக மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மணிகள், மெழுகு வார்ப்பில் ஊற்றும்போது மெழுகின் மேல் பூசிய அச்சுக் குழம்பில் சிக்கிய காற்றுக்குமிழிகளின் தடம். பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். மணலில் ஊற்றியதன் உட்பரப்பு பொரபொரவென்று மணல் பட்ட தோற்றத்தோடு, ஓரளவு சீரான தடிப்போடு இருக்கும். உருவத்தையும் பீடத்தையும் இணைக்கும் திருகாணிகள் பழுப்பேறி, மரை கையால் வெட்டியதாக, சுற்றிலும் பல ஆண்டுத் தூசு இறுகியிருக்கும். இக்காலத்து நகலின் உட்புறத்தில் உருகிய மெழுகு வழிந்த கோடுகளும் தூரிகைத் தடங்களும் உலோகமாக உறைந்திருக்கும். புத்தம் புதிய அறுகோண நட்டு மின்னும். மேலே எங்கேயும் மூட்டுக் கோடே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருப்பது குறையற்ற வேலைப்பாடு என்று விற்பவர் சொல்வார். மணலில் ஊற்றிய காலத்து உருப்படி என்று சொல்லிக்கொண்டே மூட்டே இல்லை என்றால் அது ஐயத்துக்குரியது. கறுப்புச் சலவைக்கல் பீடமும் அப்படியே: இந்தச் சிற்பிகள் பெரும்பாலும் புல்லும் மண்ணும் பாறையுமாக வெண்கலத்திலேயே தரையை அமைத்தார்கள், அடிப்பக்கத்தை மூடிக் கல்லில் ஒட்டியிருந்தால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வார்ப்பாளரின் முத்திரையே போதுமே என்றும் கேட்கலாம். அதுவும் கையொப்பம் போலவே அச்சில் ஏறிவரும். தனியாகக் குளிர்நிலையில் அடித்த முத்திரையின் விளிம்பு கூராக, அடிப்பகுதி தட்டையாக இருக்கும். நகலில் வந்த முத்திரை மங்கி, எழுத்தின் உள்வளைவுகள் அடைபட்டிருக்கும். கிறிஸ்தோஃப் ஃப்ராத்தான் (1801–1864) விஷயத்தில் இது நன்றாகப் பயன்படும். மெத்ஸ் நகரத்தில் விலங்குகளைப் பாடம் செய்பவரின் மகனான அவர், தன் பெயரைப் பெரும்பாலும் அச்சு முத்திரையாகவே அடித்தார். அதில் கடைசி எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கும். திரும்பிய எழுத்தைக் கண்டு மகிழ்வதோடு நிற்காமல், அதன் விளிம்பு கூராக இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: மேனுடைய நாயில் 50இல் 3 என்பது போன்ற பதிப்பு எண் இருந்தால் வாங்க வேண்டாம். பாரி சில வார்ப்புகளில் வரிசை எண் அடித்தார் என்பது வேறு. மொத்தம் இத்தனைதான் என்று எல்லை வைத்து எண்ணிடும் வழக்கம் பரவியது அடுத்த தலைமுறையில். ரம்பிரான்ட் புகாட்டியின் (1884–1916) சிறுத்தைகளையும் யானைகளையும் எப்ரார் பட்டறை மெழுகு வார்ப்பில், குறைந்த எண்ணிக்கையில், எண்ணிட்டு வெளியிட்டது. அங்கே சிற்பியின் விரல் பதிந்த களிமண்ணின் அழுத்தமே மேற்பரப்பு. உளி வேலை மிகக் குறைவு. மேனுக்குச் சொன்ன கூர்மையைப் புகாட்டியிடம் தேடினால் நல்ல உருப்படியையும் போலி என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

உலோகமே வெண்கலம்தானா என்ற கேள்வி எளிது. துத்தநாகக் கலவையில் ஊற்றி வெண்கல நிறம் பூசிய மலிவுப் பிரதிகள் அந்தக் காலத்திலேயே ஏராளம். அடியில் மறைவான இடத்தில் ஊசியால் மெல்லக் கீறினால் வெண்கலம் மஞ்சளாகத் தெரியும், துத்தநாகம் சாம்பல் வெள்ளையாகத் தெரியும். கீறுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். காந்தம் ஒட்டினால் அது வார்ப்பிரும்பு. ஆய்வுக்கூடத்தில் கலவையைச் சோதிப்பது உதவும். ஆனால் பழைய பட்டறைகளின் கலவை ஒரே சூத்திரத்தில் அமைந்ததல்ல, அதனால் அந்தச் சோதனை மற்றத் தடயங்களுக்குத் துணையாகத்தான் நிற்க முடியும்.

பிரான்சில் 1981ஆம் ஆண்டின் ஆணைப்படி, நகல் என்றால் நகல் என்று அழியாதபடி, கண்ணுக்குத் தெரியும்படி பொறித்தே விற்க வேண்டும். அந்தச் சொல் பொறித்த உருப்படி நேர்மையானது. வீட்டு அலங்காரத்துக்கு வாங்கலாம், நகலுக்குரிய விலையில். அந்தச் சொல் இருந்த இடத்தை ராவிவிட்டு விற்பதும் உண்டு. பீடத்தின் பின்விளிம்பில் மற்ற இடங்களைவிடப் பளபளப்பான, சற்றே குழிந்த ஒரு பட்டை தெரிந்தால் அதுவாக இருக்கலாம். விற்பவரிடம் எழுதி வாங்கும் ரசீதில் சிற்பியின் பெயர் மட்டும் போதாது. வார்ப்பாளர் யார், ஏறத்தாழ எந்தக் காலத்தில் ஊற்றியது, வாழ்நாள் வார்ப்பா பிந்தைய வார்ப்பா என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவர், பெயரைத் தவிர வேறு எதற்கும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். விலையை அதற்கேற்பப் பேசுங்கள், அல்லது அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பித்தளைப் பாத்திரம் துலக்குகிற எதையும் அதன் மேல் பூச வேண்டாம். பச்சையும் பழுப்புமாகப் பட்டறை ஏற்றிய நிறம் ஒருமுறை போனால் திரும்பாது. உலர்ந்த மென்துணியால் தூசு தட்டி, ஆண்டுக்கு ஒருமுறை நிறமற்ற மெழுகை மிக மெலிதாகத் தடவித் துடைத்தால் போதும். அடிப்பக்கத்தை மட்டும் துடைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். பின்னொரு நாள் நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் படித்துப் பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.